நாடா சிக்கிய இரவு

ஏகாம்பரகுப்பத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான்
கதவைத் தட்டுவேன்.
பகலெல்லாம் நுரையீரலில் பதுங்கும் புழுக்கள்
கொசு விழிக்கிற நேரம் பார்த்துத்தான்
விரல்நுனி வரை வரும்.
"ரத்தக்காரம்மா வொச்சிந்தி" என்று
ஒரு பிள்ளை தெருவுக்கு அறிவிக்கும்.
மூன்று சொட்டு, ஒரு கண்ணாடித் துண்டு, ஓர் எண்.
பவர்லூம் ஓயாத தெரு;
எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும்.

நூற்றுப் பதினேழு மொகிலி.
நூற்றுப் பதினெட்டு அவன் அண்ணன் தேசப்பன்.

மறுநாள் சாயம் ஏற்றிக் கண்ணைப் பதித்தேன்.
மொகிலியின் ரத்தத்தில் நாற்பத்து மூன்று,
உறை போர்த்தி, வளைந்து நெளிந்து,
ஊதா மையில் கையெழுத்துப் போட்டிருந்தன.
அவனோ புத்தூர் பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறவன்.
தேசப்பன் ரத்தத்தில் ஒன்றுகூட இல்லை.
இருமுறை தேடினேன். இல்லை.
அவர் இடது காலுக்கு
எந்தக் கடையிலும் செருப்பும் இல்லை.

சொன்னபோது சிரித்தாரா, முறைத்தாரா தெரியவில்லை:
"பூச்சி அவனுக்கு, காலு எனக்கா?
இதென்ன பங்கு பிரிச்ச லட்சணம்?"

படித்ததைச் சொன்னேன்.
புழு வந்ததும் படை கிளம்பும்.
எது புழு, எது வீடு என்று பார்க்க அதற்குப் பொழுதில்லை;
நிணநீர்க் குழாயின் சுவரையே இடிக்கும்.
இடித்த இடம் தழும்பாகும், அடைக்கும், நீர் தேங்கும்.
அதே படையில் ஒரு சிறு கூட்டம் உண்டு.
ஒழுங்காற்றும் டி செல்கள் என்று பெயர்.
அடிக்கப் போகிறவனின் அருகில் நின்று
இன்டர்லூகின் பத்து என்றொரு சொல்லை
மெல்லச் சுரக்கும்.
போதும் என்று அர்த்தம்.
மொகிலிக்குள் அவை நிறைய இருக்கலாம்.
உங்களுக்குள்...
எண்ணிப் பார்க்க என்னிடம் கருவி இல்லை,
வாக்கியத்தை அங்கேயே விட்டேன்.

அவர் தறி ஃபிட்டர். எடுத்து முடித்தார்:
"நாடா பாவுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு வை.
நாடா ஒரு இழையையும் அறுக்காதும்மா.
தெரியாம அடிக்க வர்ற பலகைதான்
முந்நூறு இழையை ஒரே அடியில அறுக்கும்.
அதுக்குன்னே கீழ ஒரு இரும்பு நாக்கு.
நாடா பெட்டிக்கு வந்து சேரலைன்னா
தறியையே டக்குனு நிறுத்திடும்.
என் நாக்கு தேஞ்சு போச்சு, அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று சொல்ல ஆசை.
ஆனால் நின்ற தறிக்குள்
நாடா மாட்டியபடியே கிடக்கிறது.
மொகிலியின் அமைதியில் புழுக்கள்
ஆறேழு வருஷம் குடித்தனம் நடத்தும், குட்டி போடும்.
சாயக்கழிவு தேங்கிய கால்வாயில் பிறந்த கொசு
அவன் உறங்கும்போது உறிஞ்சிக்கொண்டு
செக்போஸ்டில் ரசீது வாங்காமல்
தமிழ்நாட்டுக்குள் போகும்.
அவனைக் காத்த பொறுமை
தெருவைக் காக்கவில்லை.
புழுவும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு
அதே குரலில்
போதும், போதும் என்கிறதாம்.

மாத்திரையை என் முன்னால்தான் விழுங்கினான்.
இரவு காய்ச்சல் தூக்கிப் போட்டது.
செத்த புழுக்கள் உடைந்து
இத்தனை நாள் மூடி வைத்ததெல்லாம்
ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டிவிட்டன.
"நல்லாத்தானே இருந்தேன்" என்றான், பல் கிட்டித்து.
தேசப்பன் ஈரத் துணியோடு
காலை இழுத்து இழுத்து வந்தார்.

மூன்றாம் நாள் போனபோது
மொகிலி பிளாஸ்டிக் டப்பில்
அண்ணன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.
சோப்பு, தண்ணீர், பழைய லுங்கித் துணி.
"விரலிடுக்குல ஈரம் தங்கக்கூடாது" என்றேன்,
"தங்கினா கிருமி ஏறும், மறுபடி சண்டை."
நாலு இடுக்கு.
ஒவ்வொன்றாக விரித்து ஒற்றினான்,
அழுத்தாமல்.